சுரங்கத்துக்குள் விட்டுவந்த பெண்

எழுத்தாளர்களைத் திட்டுவதில் ஆட்டையாம்பட்டியில் எனக்கு இணை யாரும் கிடையாது. போட்டிக்கும் யாரும் வரவில்லை. ஒருவருக்குத் தறி, இன்னொருவருக்கு முறுக்கு என்று ஊரில் அவரவர் வேலை அவரவர் கழுத்தைப் பிடிக்கிறது. தறிப்பட்டறையில் கணக்கு எழுதும் எனக்குத்தான் பொழுது சாய்ந்தால் நாக்கு சும்மா இருக்காது. தொடர்கதை ஆரம்பித்தவர் அதை முடித்துக் கொடுத்தாக வேண்டும், அதுவும் படிக்கிறவனுக்குக் கண் தெரிகிற வயதிலேயே முடித்தாக வேண்டும் என்பது என் கட்சி. கட்சிக்குத் தலைவரும் நானே, உறுப்பினரும் நானே. அந்த ஒரே உறுப்பினர் கட்சிக்குச் செய்த துரோகங்களைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

கட்சி உதயமானதற்குக் காரணம் என் சின்னம்மா. கல்யாணத்துக்கு முன்னால் குமுதத்தில் வந்த ‘கடல்புறா’வை வாரம் தவறாமல் கிழித்துச் சேர்த்தவர். கிழிப்பது என்றால் லேசுப்பட்ட வேலை இல்லை. இதழ் முதலில் நாலு வீடு சுற்றிவிட்டு வர வேண்டும். வந்ததும் பின்னைக் கழற்றி, கதைப் பக்கத்தை மட்டும் உருவி அடுக்கி, கோணி ஊசியும் சணலும் கொண்டு தைத்து, மேலே பழைய காலண்டர் அட்டையை ஒட்டுவார். ஒரு பக்கத்தில் இளையபல்லவன் வாளை உருவிக்கொண்டு நிற்பான். தாளைத் திருப்பினால் கூந்தல் தைலத்துக்காக ஒரு பெண் சிரித்துக்கொண்டிருப்பாள். அத்தியாயத்தின் கடைசி நாலு வரி வேறொரு பக்கத்துக்குத் தாவியிருந்தால் அதைமட்டும் கத்தரித்துச் சோற்றுப் பருக்கையால் ஒட்டியிருப்பார். பள்ளி விடுமுறையில் அந்தக் கட்டைப் பரணிலிருந்து இறக்கிச் சாப்பாடு மறந்து படித்தேன். காஞ்சனா தேவியா, மஞ்சளழகியா என்று நான் பதறிக்கொண்டிருந்த கட்டத்தில் காலண்டர் அட்டை வந்துவிட்டது. அதற்குமேல் தாள் இல்லை.

சாண்டில்யன் பாதியில் விட்டுவிட்டார் என்றே முடிவுகட்டினேன். பத்திரிகைக்கு ஓர் அஞ்சலட்டை எழுதினேன். அதையும் பாதி எழுதி, மீதியை ராத்திரி எழுதலாம் என்று புத்தகத்துக்குள் செருகி வைத்தேன். அது அங்கேயே பழுத்துப்போனது. வெகுகாலம் கழித்து நூலகத்தில் மூன்றாம் பாகம் முழுசாகக் கைக்குக் கிடைத்தபோதுதான் உண்மை விளங்கியது. கதையை அவர் முடித்துத்தான் இருந்தார். சின்னம்மாவுக்குத்தான் நடுவில் கல்யாணம் ஆகிவிட்டது. கதாநாயகனை நடுக்கடலில் நிறுத்திவிட்டு அவர் ராசிபுரத்துக்கு வாழப் போய்விட்டார். புகுந்த வீட்டில் வேறு பத்திரிகை வாங்கினார்கள். ஒழுங்காக வேலையை முடித்த ஒரு மனிதரை அத்தனை காலம் வாய்க்கு வந்தபடி பேசியிருக்கிறேன். மன்னிப்புக் கேட்டு எழுதலாம் என்றால் அவர் 1987-லேயே காலமாகியிருந்தார். அவருக்கு அது நல்லதாகப் போயிற்று. மன்னிப்புக் கடிதத்தையும் பாதிதான் எழுதியிருப்பேன்.

கல்கியையும் விட்டுவைக்கவில்லை. ‘பொன்னியின் செல்வன்’ 1950 அக்டோபரில் தொடங்கி, ஐந்து பாகங்களாக மூன்றரை வருஷத்துக்குமேல் ‘கல்கி’ வார இதழில் வந்தது. ஓவியர் மணியம் படம் போடக் காத்திருப்பார், அச்சுக்கூடம் காத்திருக்கும், பத்திரிகையின் ஆசிரியரும் கல்கியே. அந்த நெருக்கடியில் ஒருவர் அவ்வளவு பெரிய கதையைக் கரை சேர்த்ததே அதிசயம். எனக்கு அது போதவில்லை. ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று அடித்துச் சொல்லவில்லையே, வந்தியத்தேவன் கல்யாணத்தைக் காட்டவில்லையே என்று டீக்கடை பெஞ்சில் பல வருஷம் வழக்காடினேன். அவர் கடைசியில் முடிவுரை ஒன்று எழுதி, கதைக்குப் பின் யார் யாருக்கு என்ன ஆயிற்று என்று சொல்லியிருக்கிறார் என்பது எனக்குத் தெரியாது. பள்ளிக்கூடக் கட்டுரைப் பழக்கத்தில் முன்னுரை, முடிவுரை என்று போட்டிருந்தால் நான் தாண்டிப் போய்விடுவேன். “படிச்சுப் பாத்துட்டுத் திட்டுங்ணா” என்று டீ ஆற்றிக்கொண்டிருந்த பையன் சொன்ன பிறகுதான் அந்தப் பக்கங்களைப் புரட்டினேன். அவன் பத்தாம் வகுப்போடு நின்றவன். ஆனால் புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை படித்தவன்.

முடிவு போதாது என்று நினைத்தவர்களில் உருப்படியான வேலை செய்தவர்களும் உண்டு. விக்ரமன் ‘பொன்னியின் செல்வ’னுக்குத் தொடர்ச்சியாக ‘நந்திபுரத்து நாயகி’யை எழுதினார். அவரும் என்னைப் போல ஒரு வாசகர்தான்; குறை தெரிந்ததும் பேனாவை எடுத்தார். நான் இன்னொரு டீ சொன்னேன்.

பாதியில் நின்ற கதைகளுக்கு முதல் காரணம் சாவு. அதனிடமும் நான் நியாயம் கேட்டிருக்கிறேன். கல்கி 1954 டிசம்பர் 5-இல் மறைந்தபோது ‘அமரதாரா’ நடந்துகொண்டிருந்தது. அவர் விட்டுச்சென்ற குறிப்புகளைக் கொண்டு மகள் ஆனந்தி அதை முடித்தார். ஏழாம் நூற்றாண்டில் பாணபட்டர் பாதியில் விட்ட ‘காதம்பரி’யையும் அவர் மகன்தான் முடித்தார் என்பார்கள். எல்லோருக்கும் அப்படிப் பிள்ளை வாய்ப்பதில்லை. பாரதியின் ‘சந்திரிகையின் கதை’ அப்படியே நிற்கிறது. உ.வே.சாமிநாதையர் 85-ஐத் தொடும் வயதில், 1940-இல் ஆனந்த விகடனில் ‘என் சரித்திரம்’ எழுத ஆரம்பித்தார். 122 அத்தியாயங்கள் வந்தன. 1942 ஏப்ரலில் அவர் காலமானார். வாழ்க்கைக் கதை 1890-களின் கடைசியோடு நின்றுவிட்டது. “இன்னும் பத்து வருஷம் முன்னாடி ஆரம்பிச்சிருக்கலாம்” என்று நான் டீக்கடையில் குறைப்பட்டபோது கடைக்காரர் பாய்லருக்குப் பின்னாலிருந்து சொன்னார்: “அந்த வயசுல ஆரம்பிச்சாரே, அதைச் சொல்லுங்க. நீங்க போன தைக்கு வீட்டுக்கு வெள்ளை அடிக்க ஆரம்பிச்சு, தெருவைப் பாத்த செவுத்தோட நிக்குது.” உண்மைதான். தெருவிலிருந்து பார்த்தால் என் வீடு முடிந்துபோனது போலவே இருக்கும்.

இவர்களெல்லாம் தூரத்து ஆட்கள். என் கட்சிக்கு உண்மையான சோதனை பக்கத்தூரிலிருந்து வந்தது. இங்கே பஸ் ஏறி மல்லசமுத்திரத்தைத் தாண்டினால் திருச்செங்கோடு. அந்த மண்ணைச் சேர்ந்த பெருமாள்முருகன் 2010-இல் ‘மாதொருபாகன்’ எழுதினார். பிள்ளையில்லாத காளி, பொன்னா தம்பதியின் கதை. கடைசிப் பக்கத்தில் காளி என்ன ஆனான் என்பதைச் சொல்லாமல் நிறுத்தியிருந்தார். நான் கொதித்துப்போனேன். இருக்கிறானா, போய்விட்டானா, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? கேட்டவன் நான் ஒருவன் மட்டும் இல்லை போலும். 2014-இல் ஒன்றல்ல, இரண்டு நாவல்கள் வந்தன. காளி செத்துப்போனதாக வைத்துக்கொண்டு நகர்வது ‘ஆலவாயன்’. உயிரோடு இருப்பதாக வைத்துக்கொண்டு நகர்வது ‘அர்த்தநாரி’. ஒரு கேள்விக்கு இரண்டு பதிலைக் கொடுத்துவிட்டு, எது வேண்டுமோ எடுத்துக்கொள் என்றார்.

எந்த வாசகனுக்காவது இதைவிடப் பெரிய மரியாதை நடந்திருக்குமா? நானோ இரண்டையும் வாங்கிப் படித்துவிட்டு, “இதுல எது நெசம்?” என்று கேட்டேன். முடிவு இல்லாதபோது முடிவு கேட்டவன், இரண்டு முடிவு கிடைத்ததும் ஒன்றைத் தள்ளுபடி செய்யச் சொல்லி மனுப் போட்டேன்.

அடுத்த ஜனவரியில், 2015-இல், ‘மாதொருபாக’னைச் சுற்றிக் கிளம்பிய எதிர்ப்பில் அவர் எழுத்தையே விட்டுவிடுவதாக அறிவித்தார். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் திரும்பி வந்தார். அந்த ஒன்றரை வருஷம் நான் டீக்கடையில் இந்தப் பேச்சை எடுக்கவில்லை. முடிவு கேட்டுத் தொல்லை செய்வதும், எழுதாதே என்று சொல்வதும் ஒன்றல்ல; அது எனக்கும் தெரியும். ஆனாலும் ‘எழுதிக் கொடு’ என்று அதட்டுகிற குரல் கொஞ்ச நாள் என் தொண்டையிலேயே சிக்கிக்கொண்டது.

இனி நான் எழுதிய கதைக்கு வருகிறேன்.

நண்பர் ஒருவர் சேலம் பக்கத்திலிருந்து சின்னதாக ஒரு மாத இதழ் நடத்தினார். நீதான் இவ்வளவு பேசுகிறாயே, ஒரு தொடர் எழுது என்றார். மடியில் கனமில்லாததால் வழியில் பயமில்லாமல் ஒத்துக்கொண்டேன். தாரமங்கலத்துக் கெட்டி முதலியார்கள் காலத்துக் கதை. முதல் அத்தியாயத்தில், எதிர்பார்த்தபடியே, திருமணிமுத்தாற்றங்கரையில் சாயங்கால வேளையில் ஒரு குதிரை வீரன் வந்தான். எங்கிருந்து வந்தான், எதற்கு வந்தான் என்பதை நான் யோசிக்கவில்லை; குதிரையில் வந்தால் போதும், காரணம் பின்னால் நடந்து வரும் என்று நினைத்தேன். இரண்டாவது அத்தியாயத்தில் ஓலை ஒன்று கைமாறியது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்கே தெரியாது. மூன்றாவதில் கதாநாயகி கையில் விளக்கோடு கோயில் சுரங்கத்துக்குள் இறங்கினாள். பின்னால் காலடிச் சத்தம். விளக்கு அணைந்தது. தொடரும்.

அபாரமான இடம் என்று நண்பரே போனில் பாராட்டினார். நானும் அபாரம் என்றுதான் நினைத்தேன். நாலாவது அத்தியாயத்துக்கு உட்கார்ந்தபோதுதான் ஒன்று உறைத்தது. அந்தச் சுரங்கத்துக்கு நான் மறுமுனை வைக்கவில்லை.

அடுத்து வந்த மாதங்களில் நண்பர் போன் செய்யும்போதெல்லாம் என் மனைவி, “அவரு குளிக்கிறாருங்க” என்றாள். காலையில் கூப்பிட்டாலும் குளியல், மத்தியானம் கூப்பிட்டாலும் குளியல். அந்தக் காலத்தில் நான் குளித்த குளியலுக்கு மேட்டூர் அணை பத்தாது. ஒருமுறை ராத்திரி பத்து மணிக்கு அவர் கூப்பிட, மனைவி வாய் தவறி, “இப்பத்தான் குளிச்சுட்டு மறுபடியும் குளிக்கப் போயிருக்காரு” என்றாள். அதோடு அவர் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். இதழும் கொஞ்ச காலத்தில் நின்றுபோனது. கேட்டவர்களிடமெல்லாம், பத்திரிகை நின்றதால் கதை நின்றது என்று சொன்னேன். கதை நின்ற பிறகும் பத்திரிகை பல மாதம் வந்தது என்பதை நினைவு வைத்திருக்கும் அளவுக்கு அதற்கு வாசகர்கள் இல்லை என்பதே என் தைரியம்.

அந்தத் தோல்வியில் எனக்கு ஒன்று விளங்கியது. அத்தியாயத்தின் கடைசியில் ஒரு திடுக்கிடல் வைப்பதற்குச் செலவே கிடையாது. விளக்கை அணைக்க ஒரு வரி போதும். அதை மறுபடி ஏற்றத்தான் தலைகீழாக நிற்க வேண்டியிருக்கிறது. வாரா வாரம் வாசகனைத் தவிக்கவிட்டுப் பெயர் வாங்கியவர்கள், கடைசிப் பாகத்தில் அத்தனை தவிப்புக்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. கதை எவ்வளவு நன்றாகப் போகிறதோ, முடிவு அவ்வளவு கஷ்டம். சோம்பேறித்தனத்தால் மட்டும் யாரும் பாதியில் நிற்பதில்லை. நான் நின்றதில் அதற்கும் நல்ல பங்கு உண்டு, அது வேறு விஷயம்.

சேலத்தில் கல்லூரிக்குப் போகிற என் அக்கா மகன் இதே தொல்லையை இங்கிலீஷில் அனுபவிக்கிறான். ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டின் என்கிற அமெரிக்க எழுத்தாளர் 1996-இல் ஆரம்பித்த ராஜ்யக் கதையின் ஐந்தாவது புத்தகம் 2011-இல் வந்தது. ஆறாவதற்கு அவன் இன்னும் காத்திருக்கிறான். நடுவில் டிவிக்காரர்கள் அந்தக் கதையைத் தொடராக எடுத்து 2019-இல் தாங்களே முடித்தும்விட்டார்கள். “அவரு நம்மளை ஏமாத்துறாரு மாமா” என்றான். அதே மார்ட்டின் 2016 தொடக்கத்தில், சொன்ன கெடுவுக்குள் முடிக்க முடியவில்லை என்று வாசகர்களிடம் தானே ஒத்துக்கொண்டார் என்பதையும் அவன்தான் சொன்னான். அவனோடு சேர்ந்து திட்டுவதற்காக நாற்காலியை இழுத்துப் போட்ட நான், அதைக் கேட்டதும் வாயை மூடிக்கொண்டேன். உலகம் முழுக்க வாசகர்களை வைத்திருப்பவர், முடியவில்லை என்று வெளிப்படையாகச் சொல்கிறார். நூறு பேர்கூடப் படிக்காத கதைக்கு நான் குளியலறைக்குள் ஒளிந்திருந்தேன்.

இன்னொரு துரோகத்தையும் சொல்லிவிடுகிறேன். 2014 தொடக்கத்தில் ஜெயமோகன் மகாபாரதத்தை ‘வெண்முரசு’ என்ற பெயரில் நாவல் வரிசையாக, தினம் ஓர் அத்தியாயமாக எழுத ஆரம்பித்தார். ‘முதற்கன’லில் தொடங்கி 26 நாவல்கள், 2020 ஜூலையில் முடித்தேவிட்டார். என் கட்சி கேட்டது அத்தனையும் அதில் இருந்தது. தினமும் வந்தது, சொன்னபடி வந்தது, முடிந்தும்விட்டது. நானோ இரண்டாவது நாவலான ‘மழைப்பாட’லில் நிற்கிறேன். காந்தாரி அஸ்தினபுரிக்கு வந்து சேர்ந்துவிட்டாள். நான் இன்னும் வந்து சேரவில்லை. முடிக்காத எழுத்தாளரை வாசகன் கேள்வி கேட்கலாம் என்றால், முடிக்காத வாசகனை எழுத்தாளர் கேட்கக் கூடாதா? நல்லவேளை, அவர்கள் யாருக்கும் என் போன் நம்பர் தெரியாது. தெரிந்தாலும் நான் குளித்துக்கொண்டிருப்பேன்.

ஆனால் என் வாசகர் ஒருவருக்கு என் வீடே தெரியும். இரண்டு தெரு தள்ளி முறுக்கு சுற்றும் அக்கா. அந்த இதழுக்கு ஆண்டுச் சந்தா கட்டியவர். சந்தாவை வாங்கிப் போய்க் கொடுத்ததும் நான்தான். வருகிற தீபாவளிக்கு முறுக்குச் சொல்லப் போனபோது மாட்டிக்கொண்டேன். அரிசி மாவு கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே திரிந்து திரிந்து துணியில் இறங்கியது. ஒரு சுற்று முடிந்து அடுத்த சுற்று அதை அணைத்துக்கொண்டே வளர்ந்தது. அக்கா கையைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தே சுற்றிக்கொண்டிருந்தார்.

“ஏனுங்க தம்பி, அந்தப் புள்ள வெளிய வந்துச்சுங்களா?”

எந்தப் பிள்ளை என்று தெரியாதது போல நின்றேன்.

“அதாங்க, வெளக்கு அணைஞ்சு போச்சே.”

பத்திரிகை நின்றுவிட்ட கதையை எடுத்தேன். அக்கா முறுக்கின் வாலை அழுத்தி ஒட்டிவிட்டு நிமிர்ந்தார். “அதுக்கப்பறமும் பொஸ்தகம் வந்துச்சுங்களே. மாசா மாசம் பிரிச்சுப் பாத்தேன், உங்க பேரே காணோம். ஒடம்புக்கு ஏதோன்னு நெனச்சு உங்க வீட்டுல கேட்டேன். குளிக்கப் போயிருக்காருன்னாங்க.”

தரையைப் பார்த்தேன். மூலையில் ஒரு தகரப் பெட்டி நிறைய உடைந்த முறுக்கு. பேச்சை மாற்ற, அது என்ன விலை என்று கேட்டேன்.

“அது நொறுங்கினதுங்க, பாதி வெலைக்குப் போடறோம். நொறுங்கினதுன்னு சொல்லித்தான் போடறோம். முழுசுக்குள்ள கலந்து பாக்கெட் போட்டா அடுத்த தீவாளிக்கு எவன் வருவான்?”

அவர் வியாபாரத்தைத்தான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது. இத்தனை வருஷமாக டீக்கடையில் பேசிய பேச்சில் இது ஒன்றுதான் விடுபட்டிருந்தது. எழுதுகிறவர் இத்தனாம் தேதிக்குள் முடித்துத் தர வேண்டும் என்று சட்டம் பேச வாசகனுக்கு உரிமை இருப்பதாக இப்போது நான் நம்பவில்லை. அவரவர் வாங்கிய வாரத்துக்கு அந்த வாரத்துக் கதை கையில் கிடைத்துவிட்டது; நன்றாக வராத முடிவைக் கெடுவுக்காக வாங்கி நாம் என்ன செய்யப்போகிறோம்? ஆனால் நின்றுவிட்டது என்றால் நின்றுவிட்டது என்று சொல்ல வேண்டும். ஒரு முறுக்குச் சட்டி நடத்துகிறவர் மாசா மாசம் கையைத் துடைத்துக்கொண்டு இதழைப் பிரித்து, என் பெயரைத் தேடி, மூடி வைத்திருக்கிறார். அந்த நேரத்துக்கு நான் பதில் சொல்லியாக வேண்டும். செத்துப்போனவர்களுக்கு இதில் விலக்கு உண்டு. குளிக்கப் போனவர்களுக்கு இல்லை.

கதை வராத மாதங்களுக்கான சந்தாவைத் திருப்பித் தருகிறேன் என்றேன். “அதுல சமையல் குறிப்பு நல்லா இருந்துச்சுங்க, அதுக்கே சரியாப் போச்சு” என்றார் அக்கா. என் கதைக்கு அவர் விலை ஏதும் வைத்திருக்கவில்லை என்பது வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் உறைத்தது.

எனவே அந்த மூன்று அத்தியாயங்களையும் படித்தவர்களுக்கு, அவர்கள் எங்கே இருந்தாலும் சரி, இதன்மூலம் தெரிவிப்பது: கெட்டி முதலியார் காலத்துக் கதை நின்றுவிட்டது. பத்திரிகையால் இல்லை, என்னால். குதிரை வீரன் ஏன் வந்தான் என்று தெரியாது. ஓலையில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. பின்னால் கேட்ட காலடிச் சத்தம் யாருடையது என்று நான் யோசிக்கவே இல்லை. விக்ரமன் செய்தது போல யாராவது பேனாவை எடுத்து அந்தப் பெண்ணை வெளியே கொண்டுவருவதானால் எனக்கு ஆட்சேபணை இல்லை. சுரங்கத்தின் மறுமுனை எங்கே என்று மட்டும் என்னிடம் கேட்டு வராதீர்கள். நான் வீட்டில்தான் இருப்பேன், எனக்கும் தெரியாது என்றுதான் சொல்வேன்.